எருவும் நீரும் உடைமையும்: திரவப் பசளை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தமிழர் பண்பாட்டு வரலாற்றை எழுதியோர் கோயிலையும் கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் கூத்துக்களரியையும் நுணுகி நோக்கியுள்ளனர். எருக்கிடங்கை நோக்கியோர் மிகச் சிலரே. எரு என்பது வரலாற்றுக்குப் புறம்பானதொரு கழிவுப்பொருள் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆனால், மனிதன் மண்ணிலிருந்து பெறுவதை மண்ணுக்கு எவ்வாறு திருப்பிக் கொடுக்கிறான், அத்திருப்பிக் கொடுத்தலுக்கான உழைப்பை யார் செய்கிறார், அதற்கு வேண்டிய மாடும் நிலமும் நீரும் யாருடைய கைகளில் உள்ளன என்பன ஒரு சமூகத்தின் உற்பத்தி உறவுகளைத் தெளிவாகக் காட்டும் வினாக்களாம்.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு வீட்டுத் தோட்டத்துக்கெனச் செய்யப்படும் திரவப் பசளை ஏற்றதொரு பொருளாகும். ஒரு பீப்பாவில் மாட்டெருவையும் பச்சிலையையும் இட்டு, நீரூற்றிப் புளிக்கவைத்து, வடித்த சாற்றைச் செடிக்கு ஊற்றும் இச்சிறு செயல் மிகத் தொன்மையானது. அதே வேளை 2021 ஆம் ஆண்டில் இலங்கையின் அரசியல் நெருக்கடியோடு நேரடியாகத் தொடர்புபட்டது. சிறு செயலொன்று அரசின் கொள்கையாக உயர்த்தப்பட்டதும், அக்கொள்கை விவசாயியின் வயலில் வீழ்ந்ததும் எங்ஙனம் என்பதை ஏறாவூர்ப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மட்டக்களப்பு வாவியின் வடபாகத்தை அண்டி, எழுவான்கரையில் அமைந்த ஊர் ஏறாவூர். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இவ்வூரின் கிழக்கே புன்னைக்குடாக் கடற்கரை உளது. செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியின் வழியே மேற்கு நோக்கிச் சென்றால் வயல்வெளிகளும் குளங்களும் மேய்ச்சல் தரைகளும் விரியும். உறுகாமம், உன்னிச்சை ஆகிய குளங்களின் நீரை நம்பிய வயல்களும், மாரி மழையை மட்டுமே நம்பிய மானாவாரி வயல்களும் அப்பக்கத்தில் உள்ளன. நெற்செய்கையையே 'வேளாண்மை' என்னும் பொதுச் சொல்லாற் குறிப்பது மட்டக்களப்பு வழக்கு. ஆகவே இப்பிரதேசத்தில் இரு வேறு மண்கள் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒன்று, குடியிருப்பு வளவுகளின் மணல் மண். மற்றையது, மேற்கேயுள்ள வயல்களின் மண்.

கரையோர மணல் மண்ணிற் களியும் சேதனப் பொருளும் குறைவு. எனவே அது நீரையும் போசணைப் பொருள்களையும் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைந்தது. பெருந்தொகையாக ஒரே முறையில் இடப்படும் பசளை, மழையோடு கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். சிறிது சிறிதாக, அடிக்கடி, வேரடியில் இடுவதே இம்மண்ணுக்குப் பொருந்தும். இவ்வுண்மையைப் பாடநூல் எழுதப்படுவதற்கு முன்னரே வளவுப் பெண்கள் அறிந்திருந்தனர். அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர், புளித்த மோர் ஆகியவற்றை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பூசணிக்கும் ஊற்றும் வழக்கம் நம் கிராமங்களிற் பரவலாக உண்டு. இது நாள்தோறும் சிறிதளவாக இடப்படும் திரவப் பசளையேயன்றி வேறன்று. ஆயினும் இதனை ஒரு தொழில்நுட்பம் என எவரும் பெயரிட்டதில்லை. அடுக்களையின் வாசற்படியில், கூலியில்லாத பெண்ணுழைப்பின் ஒரு பகுதியாக நிகழ்ந்தமையால், அறிவின் வரலாற்றில் அதற்கு இடமில்லாது போயிற்று.

சற்று விரிந்த முறையிற் செய்வோர், ஒரு பீப்பாவின் கால்வாசி அளவுக்கு மாட்டெருவும் கிளிசறியா முதலிய இலைகளும் இட்டு, நீர் நிரப்பி, வெயில் படாத இடத்தில் வைத்து நாள்தோறும் தடியாற் கலக்குவர். ஏறக்குறைய இரு வாரங்களில் அது புளித்து அடங்கும். வடித்த சாற்றை ஏறத்தாழப் பத்து மடங்கு நீர் கலந்து மாலை வேளையில் வேரடியில் ஊற்றுவர். கிளிசறியா அவரையினத்தைச் சேர்ந்ததாகையால் அதன் இலையில் நைதரசன் மிகுதி. வாழைத்தண்டிலும் ஆற்றுவாழையிலும் பொற்றாசியம் மிகுதி. மீன் கழிவில் நைதரசனோடு பொசுபரசும் உண்டு. நுண்ணுயிர்கள் இப்பொருள்களைச் சிதைக்கும்போது போசணைகளின் ஒரு பகுதி நீரிற் கரைகின்றது. கலக்காது விட்டால் வளி புகாமையால் நாற்றமெடுக்கும். நீர் கலவாது ஊற்றினால் இளஞ்செடி கருகும்.

ஆற்றுவாழையைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். இந்த நூற்றாண்டின் செடியன்று அது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, 1909 ஆம் ஆண்டிலேயே தனியொரு கட்டளைச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. மாரியில் வாவியின் உவர்த்தன்மை குறையும்போது அது பெருகித் தோணியையும் வலையையும் மறிக்கின்றது. வயலிலிருந்தும் நகரிலிருந்தும் கழுவப்பட்டு வரும் போசணைகள் இத்தகைய பெருக்கத்துக்கு ஊட்டமளிப்பவை. நிலத்தில் இடப்பட்டது நிலத்திற் தங்காது வாவியிற் களையாக எழுகின்றது. அதனை வாரியெடுத்து மீண்டும் பீப்பாவில் இடுபவர், அறுந்துபோன ஒரு சுற்றின் முனைகளைத் தம் கையால் முடிந்து பார்க்கின்றார் எனலாம்.

3

திரவப் பசளை பற்றிய எழுத்துச் சான்றுகள் இந்திய உபகண்டத்தில் நெடுங்காலமாக உள. விதை முளைத்தபின் பச்சை மீனையும் கள்ளிப்பாலையும் கொண்டு ஊட்டுமாறு அருத்தசாத்திரம் கூறும். 6 ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத்சங்கிதையில், ஆட்டுப் பிழுக்கை, எள், யவமா, மாட்டிறைச்சி ஆகியவற்றை நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து மரங்களுக்கு ஊற்றுமாறு விதித்துள்ளார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் சுரபாலரின் விருட்சாயுர்வேதம் 'குணபஜலம்' என்னும் கரைசலை விரித்துரைக்கின்றது. விலங்குகளின் தசை, கொழுப்பு, மூளை ஆகியனவும் மீனும் நீரில் வேகவைக்கப்பட்டு, பால், தேன், நெய், உழுந்து, எள்ளுப் பிண்ணாக்கு முதலியன சேர்த்துச் சாடியில் மூடிப் புளிக்கவைக்கப்படும். 'குணபம்' என்ற சொல்லுக்குப் பிணம் என்பது பொருள். இந்நூலின் சுவடி ஒக்ஸ்போர்ட்டு பொட்லியன் நூலகத்தில் இருந்து பெறப்பட்டு, நளினி சதாலேயின் மொழிபெயர்ப்பாக 1996 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இந்நூல்களை 'முன்னோர் ஞானம்' என்று போற்றுவதோடு அமைதல் ஆய்வாளருக்கு ஏற்புடையதன்று. எவருடைய தோட்டத்துக்காக இவை எழுதப்பட்டன என்பதே வினா. 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாரங்கதரரின் தொகுப்பில் இப்பொருள் 'உபவன விநோதம்' என்னும் பெயரிலேயே இடம்பெறுகின்றது. சோலை இன்பம் என்பது அதன் கருத்து. நெய்யும் தேனும் பாலும் மரத்தடியிற் கொட்டப்படுவது உபரியைத் தன்னகத்தே குவித்த வர்க்கத்தின் பூங்காவில் மட்டுமே இயலும். இறைச்சியை அரிந்து, எலும்பை உடைத்து, நாற்றமெடுக்கும் சாடியைக் கலக்கிய கைகள் எவருடையவை என்பதை நூல்கள் கூறா. பிணத்தைத் தொடுவோர் தீண்டத்தகாதோர் என விலக்கப்பட்ட சமூகத்திலேதான் பிணநீர் அரச மரங்களின் அமுதமாயிற்று. அறிவு மேலோரின் ஏட்டிலும் உழைப்பு கீழோரின் கையிலும் எனப் பிரிந்திருந்த நிலைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழிலக்கியம் இவ்விடத்தில் வேறொரு காட்சியைத் தருகின்றது. திருக்குறளின் உழவு அதிகாரம் உழுதலினும் எருவிடுதலை மேலானதாக வைக்கின்றது. அதே அதிகாரம், நன்கு உழுது காயவிட்ட நிலத்துக்குப் பிடி எருவும் வேண்டாம் என்னும் கருத்தையும் கூறுகின்றது. முரண்போலத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் எரு அரிதாயிருந்த உண்மையைச் சுட்டுகின்றன எனக் கொள்ளலாம். எரு தாராளமாகக் கிடைத்திருப்பின் அதற்கு மாற்றுத் தேடவேண்டிய அவசியம் எழுந்திராது.

17, 18 ஆம் நூற்றாண்டுகளிற் செழித்த பள்ளு இலக்கியத்தில் எருவின் சமூகவியல் இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது. வயலில் ஆட்டுக்கிடை மறிப்பதற்கு ஆயரை வருவித்தல், கிடை மறித்தல், மூத்த பள்ளி பண்ணைக்காரனிடம் முறையிடுதல், கிடையில் இருந்தவன்போலப் பள்ளன் வந்து நிற்றல், அவனைத் தொழுவில் மாட்டுதல் என்பன அப்பிரபந்தத்தின் வழமையான உறுப்புகள். முக்கூடற்பள்ளிலும் ஈழத்துப் பறாளை விநாயகர் பள்ளிலும் இவ்வமைப்பு விளங்கும். நகைச்சுவை என்று நாம் கடந்துசெல்லும் இப்பகுதியில் எருவைச் சேர்க்கும் பணியும் மரத்தொழுவும் அடுத்தடுத்து வருகின்றன. வயலின் வளம், உழைப்பவனின் உடலைக் கட்டிவைக்கும் அதிகாரத்தோடு பிணைந்திருந்தது என்பதைப் பள்ளு ஆசிரியர் தம்மையறியாமலே பதிவுசெய்து வைத்துள்ளார்.

4

முதலாளித்துவம் இவ்வுறவை அடியோடு மாற்றியது. 1840 ஆம் ஆண்டில் யேர்மனிய இரசாயனவியலாளர் யுஸ்டஸ் பொன் லீபிக் வெளியிட்ட நூல், தாவரம் மண்ணிலிருந்து கனியுப்புகளைப் பெறுகின்றது என்பதை நிறுவியது. அதே பதின்மத்தில் பெருவின் சிஞ்சாத் தீவுகளிலிருந்து குவானோ எனப்படும் கடற்பறவை எச்சம் ஐரோப்பிய வயல்களுக்குக் கப்பலேறியது. அதனை வெட்டியெடுக்கச் சீனக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டு அடிமைகள்போல் நடத்தப்பட்டனர். ஐக்கிய அமெரிக்கா 1856 ஆம் ஆண்டில் குவானோத் தீவுகளைக் கைப்பற்றுவதற்கென்றே சட்டமியற்றியது. 1879 ஆம் ஆண்டு முதல் சிலி, பெரு, பொலிவியா ஆகிய நாடுகள் பொருதியது வெடியுப்பு நிலத்துக்காகவே.

கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' எழுதிய காலத்தில் லீபிக்கை ஊன்றிப் படித்தார். 1866 பெப்ரவரியில் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் அதனைக் குறிப்பிட்டுமுள்ளார். 1867 ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பாகத்தில், நகரங்களிற் குடித்தொகையைக் குவிக்கும் முதலாளித்துவம் உணவாகவும் உடையாகவும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை மண்ணுக்குத் திரும்புவதைத் தடுக்கின்றது என்றும், அது உழைப்பாளியைக் கொள்ளையிடுவதுபோல மண்ணையும் கொள்ளையிடுகின்றது என்றும் எடுத்துக்காட்டினார். இலண்டன் மாநகரின் பல இலட்சம் மக்களின் கழிவைத் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதற்கே பெருஞ்செலவில் பயன்படுத்துகின்றனர் என்று மூன்றாம் பாகத்தில் எள்ளி நகையாடினார். மனிதனுக்கும் இயற்கைக்குமிடையிலான பொருட்பரிமாற்றம் அறுந்துபோதல் என்னும் இக்கருத்தைப் பிற்காலத்தில் யோன் பெலமி பொஸ்டர் போன்றோர் விரிவுபடுத்தினர்.

பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நம் நாடுகளில் இவ்வறுபாடு வேறு வடிவெடுத்தது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு எலும்புத்தூளும் பிண்ணாக்கும் குவானோவும் விலைக்கு வாங்கப்பட்டன. சுதேசி விவசாயியின் வயலுக்கு அவ்வசதி இருக்கவில்லை. இந்திய விவசாயி சாணத்தை எரிப்பது அறியாமையால் என ஆட்சியாளர் பழித்தபோது, அவர்கள் அனுப்பிய இரசாயனவியலாளர் வோல்க்கர், 1893 இல் வெளிவந்த தமது அறிக்கையில், விறகு கிடையாமையே காரணம் எனச் சுட்டினார். காடு அரசுடைமையாகி அடைக்கப்பட்டபோது அடுப்புக்கு விறகில்லை. அடுப்புக்குச் சாணம் போனபோது வயலுக்கு எருவில்லை. உடைமை உறவு மாறாது எருப் பழக்கம் மட்டும் மாறாது என்ற பாடம் அவ்வறிக்கையிலேயே உளது.

சேதன வேளாண்மையின் தந்தையெனப் புகழப்படும் அல்பேட் ஹவார்ட், யஷ்வந்த் வாட்டோடு சேர்ந்து 1931 இல் எழுதிய நூலில் இந்தூர் கூட்டெரு முறையை வகுத்தார். அம்முறை இந்திய, சீன விவசாயிகளின் கைப்பழக்கத்திலிருந்து உருவானது. இதற்கிடையே, வளியிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கும் முறையை ஹேபர் கண்டறிய, பொஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு உயர்த்தினார். 1913 ஆம் ஆண்டில் ஒப்பாவில் முதலாவது ஆலை இயங்கியது. அதே அமோனியா முதலாம் உலகப்போரில் வெடிமருந்தாகியது. செயற்கைப் பசளை கோடானுகோடி மக்களுக்கு உணவளித்தது என்பதை மறுத்தல் அறிவியலுக்கு மாறானது. அதனை உற்பத்தி செய்யும் எரிவாயுவும் ஆலையும் காப்புரிமையும் சிலரின் கையிற் குவிந்தன என்பதை மறைத்தல் அரசியல் நேர்மைக்கு மாறானது.

5

சுதந்திர இலங்கையில் 1958 ஆம் ஆண்டு இரு நிகழ்வுகளால் முக்கியத்துவம் பெறுகின்றது. பிலிப் குணவர்த்தனவின் முயற்சியால் நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. எச்-4 என்னும் கலப்பின நெல் வெளியிடப்பட்டது. முதலாவது குத்தகை விவசாயிக்கு நிலத்தில் உரிமை தர முனைந்தது. மற்றையது விளைவைப் பெருக்கப் பசளையை வேண்டி நின்றது. நில உறவைச் சீர்செய்யும் முயற்சி நிலவுடைமையாளரின் எதிர்ப்பாலும் ஓட்டைகளாலும் வலுவிழந்தது. பசளை முயற்சியோ விரைந்து முன்னேறியது. 1962 ஆம் ஆண்டிற் பசளை மானியம் தொடங்கியது. 2005 இன் பின்னர் 50 கிலோ மூடையொன்று 350 ரூபாவுக்கு நெல் விவசாயிக்கு வழங்கப்பட்டது. நிலச் சீர்திருத்தம் செய்ய வேண்டியதை மானிய மூடை செய்யுமென ஆளும் வர்க்கம் எண்ணியது.

மட்டக்களப்பில் இம்மாற்றத்தின் தாக்கம் ஆழமானது. போடியார், முல்லைக்காரன், வட்டை விதானை, பட்டிக்காரன் என்ற படிநிலையில் அமைந்த பழைய வேளாண்மையிலே மாடு மையமாக இருந்தது. வயலை மிதித்துச் சேறாக்குவதும் களவெட்டியிற் சூடு மிதிப்பதும் எருமைகளாலேயே நடைபெற்றன. அறுவடைக்குப் பின் வயலில் மேயும் மந்தை எருவை விட்டுச் சென்றது. உழவு இயந்திரம் புகுந்தபோது உழைப்பின் கடுமை குறைந்தது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் எருமையோடு எருவும் வயலை விட்டகன்றது. அவ்விடத்தை யூரியா நிரப்பியது. பழைய முறையைப் பொற்காலமாகப் பாடுவதற்கு இடமில்லை. அது போடியாரின் பட்டியாகவும் போடியாரின் வயலாகவும் இருந்தது. எனினும் விவசாயி போடியாரைச் சார்ந்திருந்த நிலையிலிருந்து கப்பலைச் சார்ந்திருக்கும் நிலைக்கு மாறினார் என்பது வரலாற்றுண்மை.

கப்பலைச் சாராதிருக்க வழியிருந்ததா? சப்புகஸ்கந்தையில் அரசின் யூரியா ஆலை 1980களின் முற்பகுதியில் இயங்கி, அப்பதின்மத்திலேயே மூடப்பட்டது. எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவு 1971 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அதனைப் பன்னாட்டு நிறுவனமொன்றுக்குக் கையளிக்கும் திட்டத்தை அவ்வூர் மக்கள் நீதிமன்றத்தில் எதிர்த்து 2000 ஆம் ஆண்டில் வென்றனர். தேசிய உற்பத்தி கைவிடப்பட்டு இறக்குமதி நிலைபெற்றதால், பசளை அந்நியச் செலாவணியின் ஏற்றத்தாழ்வுக்கு உட்பட்டது.

இதனோடு போரின் தாக்கத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். 1985 ஏப்ரலின் பின்னர் கிழக்கில் தமிழ், முஸ்லிம் மக்களிடையேயான உறவு முறிவுற்றது. 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளாற் படுகொலை செய்யப்பட்டனர். அடுத்த மாதம், அண்மையிலுள்ள சத்துருக்கொண்டானிற் தமிழ் மக்கள் அரச படையினராற் கொல்லப்பட்டனர். முஸ்லிம் விவசாயிகள் பலர் படுவான்கரை வயல்களுக்கு நீண்ட காலம் செல்ல முடியாதிருந்தனர். ஒருவரின் வயலில் மற்றவரின் மாடு மேயவும் ஒருவரின் வைக்கோல் மற்றவரின் பட்டிக்குப் போகவும் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கை கொல்லப்பட்ட இடத்தில் எருவின் சுழற்சியும் நின்றுபோயிற்று.

6

2021 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியைத் தடைசெய்தது. 2019 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திற் கோட்டாபய ராஜபக்ச பத்தாண்டுகளிற் செய்வதாகக் கூறிய மாற்றம் சில வாரங்களிற் திணிக்கப்பட்டது. மக்களின் உடல்நலமும் சிறுநீரக நோயும் காரணங்களாகக் கூறப்பட்டன. அந்நோயின் துயரம் மெய்யானது. ஆனால் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த வேளையில் வந்த தடை இது என்பதை விவசாயிகள் உணர்ந்திருந்தனர். கடனைப் பெற்றவர் வேறு. அதன் சுமையைப் பெரும்போக விதைப்பிற் தாங்குமாறு பணிக்கப்பட்டவர் வேறு.

நாட்டின் சேதனப் பசளை அவ்வளவுக்கு இல்லாதபோது, முரண்நகையாக, சேதனப் பசளையும் இறக்குமதி செய்யப்பட்டது. சீனாவின் சிங்டாவோ சீவின் நிறுவனத்தின் பசளையோடு வந்த 'ஹிப்போ ஸ்பிரிட்' என்னும் கப்பலின் சரக்கு, தீங்கு செய்யும் நுண்ணுயிர் காணப்பட்டதாகக் கூறி ஏற்கப்படவில்லை. இருந்தும் 2022 சனவரியில் அந்நிறுவனத்துக்கு 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. 2021 ஒக்டோபரில் இந்தியாவின் இப்கோ நிறுவனத்திடமிருந்து நனோ நைதரசன் திரவப் பசளை விமானத்தில் வந்திறங்கியது. வீட்டு வளவின் பீப்பாவில் இருந்த திரவப் பசளை இவ்வாறு அரை லீற்றர்ப் போத்தலில் அடைக்கப்பட்ட பண்டமாகத் தோன்றியது.

போத்தலின் கணக்கை நோக்குவோம். 500 மில்லிலீற்றர்ப் போத்தலொன்று 45 கிலோ யூரியா மூடைக்கு ஈடாகும் என அந்நிறுவனம் கூறியது. திரவத்திலுள்ள நைதரசன் 4 சதவீதம். அதாவது போத்தலுக்கு 20 கிராம். யூரியாவில் 46 சதவீதம். அதாவது மூடைக்கு 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆயிரத்திலொரு பங்கு நைதரசன் முழுப்பங்கின் பணியைச் செய்யுமெனின் மிகுதி எங்கிருந்து வரும் என்ற எளிய வினாவுக்கு வயலிற் கிடைத்த விடை, மஞ்சள் பாரித்த பயிராகவே இருந்தது. நாடு முழுவதும் விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். நவம்பர் இறுதியில் அரசு தடையைத் தளர்த்திற்று. அதற்குள் விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. தனியார் கொண்டுவந்த பசளையின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைவு முந்திய பெரும்போகத்தினதைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2022 சூலையிற் சனாதிபதி நாட்டை விட்டோடிப் பதவி துறந்தார்.

அதற்கு முந்திய மாதத்தில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அமைச்சரவை தீர்மானித்தமை கவனிக்கத்தக்கது. வயலைக் கெடுத்த அரசு வளவை நாடியது. வளவிருந்தோர் நட்டனர், வளவில்லாதோரையும் நாட்கூலியாளரையும் பற்றி அத்தீர்மானம் எதுவும் கூறவில்லை.

7

இவ்வனுபவத்திலிருந்து இருவகைத் தவறான முடிவுகளுக்கு வருவோர் உளர். சேதனப் பசளை என்பதே ஏமாற்று என்பர் ஒரு சாரார். தடை நல்லது, மக்களே ஒத்துழைக்கவில்லை என்பர் மறு சாரார். இரண்டும் பொருந்தா.

அளவு மாற்றம் குறித்த கட்டத்திற் பண்பு மாற்றமாகின்றது என்பது இயங்கியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தத்தை எடுத்துக்கொள்வோம். 200 லீற்றர் நீருக்கு 10 கிலோ சாணம், 10 லீற்றர் வரை சிறுநீர், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறுமா, பிடி மண் என்பது அதன் அளவு. இப்பொருள்களில் அடங்கும் நைதரசன் முழுவதையும் கூட்டினால் ஏறத்தாழக் கால் கிலோ வரும். பத்துக் கத்தரிக்கும் இரண்டு வாழைக்கும் ஒரு முருங்கைக்கும் அது நிறைவான உணவு. உயர்விளைவு நெல்லுக்கு ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 100 கிலோ நைதரசன் வேண்டும். அதற்கு நானூறு பீப்பாக்கள் வேண்டும். இக்கரைசல் போசணைக்காக அன்றி நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்காகவே இடப்படுகிறது என அதன் ஆதரவாளர் விடையிறுப்பர். அவ்வாறாயினும் நுண்ணுயிர் உண்டு பெருகுவதற்கு மண்ணிற் சேதனப் பொருள் இருத்தல் வேண்டும். அது ஓராணையால் ஒரு போகத்திற் சேர்வதன்று. வளவில் மெய்யானது வயலிற் பொய்யானமைக்குக் காரணம் இதுவே. பிழை பீப்பாவினது அன்று. பீப்பாவைக் காட்டிக் கடமையைத் தட்டிக்கழித்த அரசினது.

சேதனப் பசளையைச் சமயச் சிமிழுக்குள் அடைக்கும் போக்கும் எதிர்க்கப்பட வேண்டியதே. தமிழகத்திற் கொடுமுடி மருத்துவர் நடராசன் பயிருக்கெனச் சீர்செய்து பரப்பிய பஞ்சகவ்வியம் பயன்தரும் கரைசலே. நம்மாழ்வார் போன்றோர் விவசாயிகளிடையே ஆற்றிய பணியும் மதிக்கத்தக்கதே. ஆனால் பசுவின் புனிதத்தாலேயே பயிர் வளர்கின்றது என்ற விளக்கம் அறிவியலுமன்று, ஏறாவூர் போன்றதோர் ஊருக்கு ஏற்றதுமன்று. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபி வழிச் சட்டமரபு சாணத்தையும் சிறுநீரையும் நஜீஸ் எனக் கொள்ளும். எனினும் பயிருக்கு இடுவதை அது தடுப்பதில்லை. ஒரு வீட்டில் தூய்மையெனவும் அடுத்த வீட்டில் அசுத்தமெனவும் கொள்ளப்படும் ஒரே பொருள் இரு வளவுகளிலும் ஒரே வகையிற் கத்தரியைக் காய்க்கச் செய்கின்றது. வேர் அமோனியத்தையும் நைத்திரேற்றையும் அறியுமேயன்றி மதத்தை அறியாது. வராகமிகிரர் மாட்டிறைச்சியை மரத்துக்கு ஊட்டுமாறு எழுதியதை இன்றைய புனிதவாதிகள் மறைப்பதும் இதனாலேயே.

இறுதியாக, மாட்டின் வினா எஞ்சி நிற்கின்றது. மாட்டெரு வேண்டுமாயின் மாடு வேண்டும். மாடு வேண்டுமாயின் மேய்ச்சல் தரை வேண்டும். மாரியில் வயல்களில் வேளாண்மை நிற்கும்போது மட்டக்களப்பின் மந்தைகள் மேற்கேயுள்ள தரைகளுக்குப் போயாக வேண்டும். அவற்றுள் முதன்மையானவை மயிலத்தமடு, மாதவனைத் தரைகள். அங்கு வெளிமாவட்டத்தவர் பயிர்ச்செய்கைக்கென நிலம் பிடித்தமையாற் தம் மாடுகள் கொல்லப்படுவதாகவும் மேய்ச்சலிழப்பதாகவும் முறையிட்ட பண்ணையாளர், 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியிற் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். சேதன வேளாண்மையை நாட்டின் கொள்கையாகப் பிரகடனஞ் செய்த அதே காலப்பகுதியிலேயே எருவின் ஊற்றான தரை பறிபோய்க்கொண்டிருந்தது. சேதனப் பசளை பற்றிய அரச பேச்சின் வர்க்க, இன உள்ளடக்கத்தை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்டவியலும்?

ஆகவே திரவப் பசளையின் வரலாறு நமக்குணர்த்துவது, 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்ற முழக்கத்தையன்று. இயற்கைக்கும் மனிதனுக்குமிடையே அறுந்த பரிமாற்றத்தைச் சீர்செய்வதற்கு மேய்ச்சல் தரை பொதுவாக வேண்டும். நகரச் சந்தையின் கழிவும் மீன் துறையின் கழிவும் பிரதேச சபை வழியாகக் கூட்டெருவாகி விவசாயியை அடைதல் வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு செயற்கைப் பசளையும் வேண்டிய அளவு சேதனப் பசளையும் இடுவதற்கான அறிவு மலிவாகக் கிடைத்தல் வேண்டும். அம்மாற்றத்துக்கான காலத்தையும் செலவையும் சமூகம் முழுவதும் ஏற்றல் வேண்டும். இவை இல்லாதவிடத்து ஏறாவூர் வளவிலுள்ள பீப்பா ஒரு குடும்பத்தின் கறிக்கு உதவும். ஒரு நாட்டின் சோற்றுக்கு உதவாது. இவை உள்ளவிடத்து, அடுக்களை வாசலில் மீன் கழுவிய நீரை முருங்கையடியில் ஊற்றும் பெண்ணின் பெயரிடப்படாத அறிவு, வயலுக்கும் வாவிக்கும் ஊருக்கும் பொதுவானதொரு திட்டத்தின் தொடக்கமாக அமையும்.